பாட்டரியைக் கழற்றாதே

கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரத்துக் கார்ச் சந்தையில் பக்காஸ் அண்ணனின் கடை முன்னால் ஒரு தகரப் பலகை தொங்குகிறது. கிர்கிஸில் ஒருமுறை, ரஷ்ய மொழியில் ஒருமுறை எழுதியிருக்கிறார்: "பாட்டரியைக் கழற்றாதே." ஒருத்தனும் படிப்பதில்லை. குளிர் மைனஸ் இருபதுக்குக் கீழே இறங்கினால் எங்கள் ஆட்கள் பாட்டரியைக் கழற்றிக் கைக்குழந்தையைப் போல வீட்டுக்குள் தூக்கிப்போய் அடுப்பருகே வைப்பார்கள். காலையில் மாட்டினால் வண்டி கிளம்பிவிடும். ஆனால் ஜப்பானிலிருந்து வரும் பழைய வண்டிகளில், பாட்டுப் போட்டு வழியும் காட்டுகிற திரை இருக்கிறதே, மின்சாரம் போனதும் தன்னை யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்து ரகசிய எண் கேட்கும். அந்த எண் பழைய சொந்தக்காரனோடு ஜப்பானிலேயே தங்கிவிட்டது.

அதைத் திறப்பதுதான் பதினாறு வருஷமாக அண்ணனின் பிழைப்பு. முன்பு விமான நிலையத்தில் ரேடியோ பழுது பார்த்தவர். ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. எந்த மூலையைத் தொட்டால் எது வரும் என்பது விரலுக்குத் தெரியும். வாய் மட்டும் ஓயாது. பக்கத்துக் கடையில் பாட்டரி விற்கும் எனக்கும் தினம் திட்டு உண்டு. "டேய் ஜூமாதில், குளிர் வந்தா உனக்குக் கொண்டாட்டம், எனக்குத் திண்டாட்டம்" என்பார்.

போன ஜனவரியில் கால்நூர் என்பவன் வந்தான். அவனுடைய அப்பா ஊர் ஊராகக் கதைப்பாட்டுப் பாடியவர். இறந்து ஒரு வருஷம். ஞாயிறன்று ஊரில் நினைவு விருந்து. குதிரை அறுத்து இருநூறு பேருக்குச் சாப்பாடு. அப்பா பாடியதில் மிஞ்சியது அரை மணி நேரப் பாட்டு. அதுவும் இந்தக் காரின் திரைக்குள் பதிந்திருந்ததுதான். முதலில் பதிந்த குறுந்தட்டு உடைந்துவிட்டது. பாட்டரியை இவன் கழற்றியிருந்தான்.

"அண்ணே, விருந்துல அப்பா குரல் கேக்கணும். சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"ஊருக்கெல்லாம் சொல்லத் தெரியுது, ஒரு பலகையைப் படிக்கத் தெரியலையா?"

உள்ளே இருப்பதை அழித்துவிட்டுத் திறப்பது பத்து நிமிட வேலை. அழிக்காமல் திறக்க, திரைப் பெட்டியின் வரிசை எண்ணை ரஷ்யாவில் விளாடிவஸ்தோக்கில் இருக்கும் ஓர் ஆளுக்குச் சொல்ல வேண்டும்; அவன் கணக்குப் போட்டு ரகசிய எண்ணைத் தருவான். மூன்று நாள் அண்ணன் போனும் கையுமாக அலைந்தார். வியாழக்கிழமைதான் அவன் வாயைத் திறந்தான். அண்ணன் கடையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. சிவப்புப் பெயிண்டை எடுத்து எட்டு இலக்கத்தையும் பாட்டரியின் மேலேயே எழுதினார்.

"எதைக் கழட்டுவியோ அதுலயே எழுதிட்டேன். இனிமேலாவது கண்ணுல படுதான்னு பாப்போம்."

திரை திறந்தது. குரலைக் கேட்டு கால்நூர் அழுதுவிட்டான். அண்ணன், "ஒரு மணி நேரம் இரு, வேற எதுலயாவது பதிஞ்சு தர்றேன்" என்றார்.

"விருந்து முடியட்டும்ணே. வேலை தலைக்கு மேல கிடக்கு."

பாட்டரி இழுக்கவில்லை என்று நேராக என் கடைக்கு வந்தான். நான் ஏனோதானோவென்று மாற்றவில்லை. வேறொரு பாட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து, மின்சாரம் ஒரு நொடிகூட அறாமல் புதியதை மாட்டினேன். திரை அணையவில்லை. எனக்கு என் மேலேயே பெருமை. பழையதைக் கடைக்குப் பின்னாலிருந்த குவியலில் வீசினேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அண்ணன் போனோடு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"கழட்டிட்டானுங்க! கால்நூரோட மச்சான் ராத்திரி பாட்டரியை உள்ள தூக்கிட்டுப் போயிருக்கான். பாட்டரி மேல நம்பரைப் பாருடான்னா, பாட்டரி புதுசுங்கிறான். நீயா மாத்தினே?"

பழையதைப் பின்னால் வீசியதைச் சொன்னேன். விளாடிவஸ்தோக் ஆளின் போன் அணைந்து கிடந்தது. பின்பக்கக் குவியலில் முந்நூறு பாட்டரியாவது இருக்கும், மேலே முழங்கால் அளவு பனி. இருவரும் தோண்டினோம். கை மரத்துப்போனது. போனில் கால்நூர், "அண்ணே, இறைச்சி பரிமாற ஆரம்பிச்சுட்டாங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"இத்தனை வருஷம் கழட்டுறவனைத் திட்டினேன்," என்று மூச்சு வாங்கினார் அண்ணன். "விக்கிறவன் பாட்டரியைக் குனிஞ்சுகூடப் பாக்கமாட்டான்னு தோணல பாரு!"

என் தப்புதான்.

ஒரு மணி நேரம் கழித்து, கவிழ்ந்து கிடந்த ஒன்றைப் புரட்டினேன். சிவப்பு. சட்டைக்கையால் துடைத்து ஒவ்வொரு இலக்கமாகக் கத்தினேன். போனில் இரைச்சல், கதவுச் சத்தம், பிறகு அமைதி. காரின் திரைக்குள்ளிருந்து ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார், பாட ஆரம்பித்தார்.

பாட்டு முடியும்வரை பக்காஸ் அண்ணன் பனியிலேயே போனைப் பிடித்தபடி நின்றார். பிறகு கடைக்குள் போய்ப் பெயிண்டை எடுத்துவந்து, என் கடைச் சுவரில் அந்த எட்டு இலக்கத்தையும் ஆளுயரத்துக்கு எழுதினார்.

"அழிச்சே, கையை ஒடிச்சிருவேன்," என்றார். "நாளைக்கும் கழட்டுவானுங்க."