பதினோரு கிலோமீட்டர், ஒரு தட்டம்மை ஊசி: மரக்காணம் உப்பளக் கரையில் ஒரு புதன்கிழமை

சென்ற செப்டம்பரில், உப்புப் பருவம் முடிய சில நாட்கள் இருந்தபோது மரக்காணம் போய்வந்தேன். தடுப்பூசி மருந்துப் பெட்டியைக் கிராமங்களுக்குக் கொண்டுபோகும் வாடகை வண்டிக்கு அரசு பணம் ஒதுக்குவது அந்தப் பகுதியில் நின்றுவிட்டது என்று தெரியவந்தது. வண்டி இல்லாமல் ஒரு ஊசி எப்படிப் போய்ச் சேருகிறது என்று கூடவே இருந்து பார்க்க நினைத்தேன்.

காலை 5.30க்குத் திருவான்மியூரில் பஸ். டிக்கெட் 120 ரூபாய். 8.10க்கு மரக்காணம். இட்லி, டீ 45 ரூபாய். ஸ்டாண்டில் ஏழுமலை என்பவரின் ஆட்டோவை மாலை வரை 800 ரூபாய்க்குப் பேசினேன். அனுமந்தைப் பக்கமாகப் பதினோரு கிலோமீட்டரில் உப்பளத் தொழிலாளர்களின் குடியிருப்பு ஒன்று. பெயரை எழுதவில்லை. எழுதினால் அங்கே வரும் நர்ஸுக்குத்தான் தொல்லை. அவரை விமலா என்று வைத்துக்கொள்வோம்.

அங்கன்வாடியில் ஊசி நேரம் ஒன்பது மணி. நான் போனபோதே அஞ்சலை வந்து உட்கார்ந்திருந்தார். காலை நான்கு மணியிலிருந்து உப்பு வாரிவிட்டு, மேஸ்திரியிடம் இரண்டு மணி நேரம் கேட்டு வந்தவர். மடியில் ஒன்பது மாதப் பெண் குழந்தை யாழினி. அவளுக்குத் தட்டம்மை ஊசி போட வேண்டும். சனிக்கிழமை குடும்பத்தோடு செங்கல் சூளைக்குக் கிளம்புகிறார்கள். அவர்களுக்கு இந்த ஊரில் இதுதான் கடைசிப் புதன்.

விமலா வந்து சேர 10.35 ஆனது. முன்பு வண்டி எட்டரைக்கே பெட்டியை இறக்கிவிடும். இப்போது அவரே மரக்காணம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பெட்டியை வாங்கி, பஸ் பிடித்து, ஈ.சி.ஆரில் இறங்கி ஒரு கிலோமீட்டர் நடக்கிறார். தோளில் பெட்டியின் வார் பதிந்த தடம் சிவந்திருந்தது.

தட்டம்மை மருந்து ஒரு பாட்டிலில் பத்துக் குழந்தைகளுக்கு இருக்கும். கலந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஒரே குழந்தை வந்தாலும் திறக்கலாம் என்பதுதான் விதி. ஆனால் கொட்டிய மருந்துக்கு விளக்கம் கேட்கிறார்கள். அதனால் ஐந்து குழந்தைகளாவது சேரட்டும் என்று காத்திருப்பது நர்ஸ்களின் வழக்கமாகிவிட்டது. அன்று வந்திருந்தவை யாழினியோடு சேர்த்து மூன்று.

"ஷேர் ஆட்டோக்காரன் மாதிரி ஆள் சேருற வரைக்கும் நிக்கிறீங்களே சிஸ்டர்" என்றார் ஒரு பெண்.

"நாங்க மூணு பேருக்கே எடுத்துடுவோம்கா" என்றார் வாசலில் நின்ற ஏழுமலை.

விமலாவும் சிரித்தார். பாட்டிலைத் திறக்கவில்லை.

11.10க்கு அஞ்சலையின் போன் அடித்தது. மேஸ்திரி. கிழக்கே மேகம் கட்டுகிறது, வாரிக் குவித்த உப்பை உடனே மேட்டில் ஏற்ற வேண்டும். "ஆள் சேந்தா போன் போடுங்க சிஸ்டர், ஓடியாந்துர்றேன்" என்று சொல்லிக் குழந்தையோடு போனார். 12.20க்கு மேலும் மூன்று குழந்தைகள் வந்தன. பாட்டில் திறந்தது. ஐந்து பேருக்குப் போட்டாயிற்று. அஞ்சலை போனை எடுக்கவில்லை.

நானும் ஏழுமலையும் அவரைத் தேடிக் கிளம்பினோம். ரோட்டில் மூன்று கிலோமீட்டர், பிறகு வரப்பில் அறுநூறு மீட்டர் நடை. போன் வரப்போரம் சாப்பாட்டுப் பையில் கிடந்தது. அஞ்சலை தலையில் உப்புக் கூடையோடு வந்துகொண்டிருந்தார். கூடையை இறக்கி, கால் கழுவி, தூளியிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அங்கன்வாடிக்குத் திரும்பியபோது மணி 1.35. விமலா 1.20 பஸ்ஸில் போய்விட்டிருந்தார். அடுத்த பஸ் 3.40க்கு. அதுவரை பெட்டியில் ஐஸ் தாங்காது.

"பதினோரு கிலோமீட்டர்தான்கா. ஏறுங்க, ஆஸ்பத்திரியிலயே விட்டுர்றேன். மருந்து இன்னும் இருக்கும்" என்றார் ஏழுமலை.

அஞ்சலை வானத்தைப் பார்த்தார். "ஆறு பேரு சேந்து வேல செய்யுறோம்ணா. உப்பு கரைஞ்சா ஆறு பேருக்கும் கூலி இல்ல. நான் பாதியில வந்ததே தப்பு. அவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

தடுப்பூசி அட்டையைக் காட்டினால் எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் போடுவார்கள் என்று நான் சொன்னேன். சூளை எந்த ஊரில் என்று கேட்டேன்.

"தெரியலீங்க. சூளை மேஸ்திரி லாரியில ஏத்திக்கினு போவாரு. எறங்கினாத்தான் ஊர் பேரு தெரியும்."

அவரைத் திரும்ப உப்பளத்தில் இறக்கிவிட்டோம். அன்று மழை பெய்யவில்லை. திறந்த பாட்டிலில் மீதி இருந்தது ஐந்து குழந்தைகளுக்கான மருந்து. மாலை அதைக் கொட்டிவிட்டதாக விமலா போனில் சொன்னார். நாற்பது வருடமாக நான் எழுதிய செய்திகளில் யாராவது ஒருவர் தவறு செய்திருப்பார். அன்று அப்படி யாரையும் என்னால் காட்ட முடியவில்லை. இருந்தும் குழந்தை ஊசி இல்லாமல் போனது.

போக நினைப்பவர்களுக்கு: உப்பு வாருவதைப் பார்க்க ஏழு மணிக்கு முன்பே போய்விடுங்கள். வரப்பில் செருப்போடு நடக்கலாம், பாத்திக்குள் கால் வைக்காதீர்கள். நிழல் கிடையாது, குடிநீர் கொண்டுபோங்கள். பக்கத்து ரோடுகளில் பஸ் குறைவு, ஆட்டோவைத் திரும்பி வரும்வரை பேசிக்கொள்ளுங்கள். புதன்கிழமை காரில் போகிறவர்கள், தோளில் பெட்டியோடு நிற்கும் நர்ஸைப் பார்த்தால் நிறுத்துங்கள். இதனால் எதுவும் மாறிவிடாது. அவருக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

அடுத்த புதன் விமலாவைக் கூப்பிட்டு, யாழினி பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டேன்.

"போயிட்டாங்க சார். 'வெளியூர்'னு எழுதி லிஸ்ட்ல பேரை எடுத்துட்டேன். அதான் முறை."

"அப்போ இப்ப பாக்கி எத்தனை?"

"எங்க ஏரியால யாரும் பாக்கி இல்ல சார். அதான் மீட்டிங்ல சொல்லிட்டாங்க, வண்டி தேவையில்லைன்னு."