இரண்டு டேங்கர் தண்ணீர்

1. தூண்

சுத்தியலால் இரண்டு தட்டுத்தான் தட்டினேன். தூணின் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. உள்ளே கம்பி துருவேறி உப்பியிருந்தது.

பக்கத்தில் வீட்டுக்காரி செல்வி நின்றிருந்தாள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பல வருடமாக மேல்தோல் தைக்கிறவள். இடுப்பு வலியால் இனி மெஷினில் உட்கார முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டால் வேலையை விட்டுவிடலாம் என்று சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்திருந்தாள். கீழ் வீட்டை ஏழு வருடத்துக்கு முன் கட்டிக் கொடுத்தவன் நான். அந்த நம்பிக்கையில் மாடிக்கும் என்னையே கூப்பிட்டிருந்தாள்.

தூணில் விரிசல் இருக்கிறது, என்னவென்று பாருங்கள் என்று அவள் சொன்னதால்தான் தட்டினேன். பார்க்காமலே எனக்குத் தெரியும்.

2. சில்லறை

எங்களைப் போன்ற சின்ன கான்ட்ராக்டர்கள் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே ரேட் பேசுவோம். சிமெண்ட், கம்பி, கூலி எல்லாம் ஒழுங்காகக் கணக்கில் வரும். கான்கிரீட் மிக்சருக்கு டீசல், குடியாத்தத்திலிருந்து ஆள் ஏற்றி வரும் லோடு ஆட்டோ, டேங்கர் தண்ணீர், இதையெல்லாம் 'சில்லறை' என்று ஒதுக்கிவிடுவோம். என் லாபத்தைத் தின்றது அந்தச் சில்லறைதான்.

செல்வியின் கீழ் வீட்டு அஸ்திவாரம் முடிவதற்குள் டீசல் விலை இரண்டு தடவை ஏறியது. டேங்கர்காரர் விரிஞ்சிபுரம் பக்கத்துக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டு வருகிறவர். அவரும் லோடுக்கு விலையை ஏற்றினார். அவர்மேல் தப்பில்லை. வண்டி தண்ணீரிலா ஓடும்?

செல்வியிடம் கூடுதலாகக் கேட்டிருக்கலாம். ஆனால் சொன்ன ரேட்டுக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கமாட்டான் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதில் எனக்குத் திமிரும் இருந்தது. தூண் கான்கிரீட்டுக்கு வரவேண்டிய இரண்டு டேங்கரை வேண்டாம் என்று போன் செய்துவிட்டேன். மனையிலேயே போர்வெல் இருந்தது. தோல் பதனிடும் டேனரி பக்கத்து உப்புத் தண்ணீர், பாத்திரம் கழுவினால்கூட வெள்ளையாகப் படியும்.

கொத்தனார் ஏசுதாஸ் ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்பினார்.

"இன்னா மேஸ்திரி, இப்டி கரிக்குது. கம்பி தாங்காது."

"தூணு இன்னா குடிக்கவா போவுது? போடுய்யா" என்றேன்.

அவர் கலவையைப் போட்டார். அவருக்கும் அன்றைய கூலி வேண்டும். மேல்தளத்துக்கு மட்டும் நல்ல தண்ணீர் வரவழைத்தேன். தளம் ஒழுகினால் மறு மழையிலேயே தெரிந்துவிடும், தூணைப் பூசிவிட்டால் யாருக்கும் தெரியாது. அவ்வளவு யோசித்துத்தான் செய்தேன். தெரியாமல் செய்த தப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

3. கேட்டிருந்தால்

துருவேறிய கம்பியைப் பூசி மறைத்துவிட்டு மாடி வேலையைத் தொடங்கு என்று ஒரு நிமிடம் மனம் சொன்னது. கீழே அவளும் அவள் மகளும் படுத்துத் தூங்கும் வீடு அது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தூண்கள் மாடியைத் தாங்காது என்றும் சொன்னேன்.

திட்டுவாள் என்று நின்றேன். கீழே விழுந்து கிடந்த பூச்சையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினி டேங்கர்ண்ணா?"

"ரெண்டும்மா."

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனே."

தூண்களை உடைத்துக் கம்பி மாற்றிக் கட்டும் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகும் மாடி வேண்டாம் என்றார் பார்க்க வந்த இன்ஜினியர்.

இப்போது என் கொட்டேஷனில் டீசல், தண்ணீர், ஆட்டோ எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஒரு வரி எழுதுகிறேன். விலை ஏறினால் அன்றைக்கே வீட்டுக்காரரிடம் போய் நிற்கிறேன். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களே, கேட்க வெட்கமாக இருந்தால் அந்த வேலையை விட்டுவிடுங்கள், கான்கிரீட்டில் கை வைக்காதீர்கள்.

செல்வி இன்னும் காலையில் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறாள். அந்த நேரத்தில் அந்தத் தெரு வழியாக நான் போவதில்லை.