நாலாவது இடம்

கணவர் சிவசுப்பிரமணியன் இறந்து ஒன்றே முக்கால் வருஷத்தில் வளர்மதிக்குக் கருணை அடிப்படையில் வேலை கிடைத்தது. இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் கிடைத்ததில்லை, கொடுத்துவைத்தவள் என்று ஒருத்தி சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வளர்மதி தலையை மட்டும் ஆட்டினாள்.

ஜெயங்கொண்டம் பக்கத்துப் பேரூராட்சி அலுவலகம் அது. அவர் அங்கேதான் பதினொரு வருஷம் தூய்மைப் பணி மேற்பார்வையாளராக இருந்தார். அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரி அவர் வண்டியில் மோதிய அன்றும் ஆபீஸ் வேலையாகத்தான் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தார். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அன்றிலிருந்து வளர்மதிக்கு உடம்பு முழுவதும் அப்படித்தான் இருந்தது. தொட்டால் தொட்டது தெரியும், அவ்வளவுதான். மகளுக்குச் சோறு கட்டினாள், பஸ் ஏறினாள், வருகிற தபாலுக்கெல்லாம் நம்பர் போட்டாள்.

மூன்றாம் மாதம் குப்பைக் கிடங்குக் கோப்பு அவள் மேசைக்கு வந்தது. டவுன் குப்பை அதுவரை ஏரிக்கரை ஓரம் குவிந்து புகைந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தி, தரம் பிரிக்கவும் உரமாக்கவும் ஓர் இடம் பாருங்கள் என்று மேலிடத்திலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம். கோப்பின் நடுவில் கணவரின் கையெழுத்தில் ஒரு தாள் இருந்தது. நாலு புல எண்கள். முதலாவது ஏரியின் நீர்ப்பிடிப்பு, அடித்திருந்தார். இரண்டாவதில் கோயில் வழக்கு. மூன்றாவது பட்டா நிலம், முந்திரிக்காடு. நாலாவதை அடிக்கவில்லை. புறம்போக்கு, இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட், வீடுகளிலிருந்து அறுநூறு மீட்டர், பக்கத்தில் கிணறு இல்லை.

அந்த இடம் அவள் பிறந்த ஊரில் இருந்தது.

தாளில் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் தேதி இருந்தது. அன்று அவர்கள் அம்மா வீட்டில் இருந்தார்கள். காலையில் சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்று போனவர், பேண்ட் முழுக்க நாயுருவி ஒட்டிக்கொண்டு திரும்பினார். அவள்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டாள். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. கோப்பைக் கட்டிச் செயல் அலுவலர் அறைக்கு அனுப்பினாள்.

ஒரு வாரத்தில் விஷயம் ஊருக்குப் போய்விட்டது. நாற்பது பேர் டிராக்டரில் வந்து இறங்கினார்கள். மனுக் கொடுக்க இரண்டு பேரைத்தான் உள்ளே விட்டார்கள். ஒன்று அவள் தம்பி கொளஞ்சியப்பன், இன்னொன்று அம்மா கலியம்மாள். செயல் அலுவலர் வெளியே போயிருந்தார். மனுவை வளர்மதிதான் வாங்க வேண்டியிருந்தது.

கொளஞ்சியப்பனுக்கு அக்காவை அந்த நாற்காலியில் வைத்து எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. மனுவை மட்டும் நீட்டினான். ஆடு மேய்கிற இடம், ஊரில் கருத்தே கேட்கவில்லை, டவுன்காரன் குப்பைக்கு நாங்களா கிடைத்தோம் என்று அதில் எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தில் கைநாட்டுகள். அம்மா கட்டைவிரல் மையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“மாப்ளை இருந்திருந்தா இப்புடி நடக்க வுட்டுருப்பாரா?” என்றாள்.

வளர்மதி முத்திரையை மையில் அழுத்திக்கொண்டே சொன்னாள்: “எடம் பார்த்ததே அவருதாம்மா.”

“எப்ப?”

“ஆடிக்கு வந்தமே, அப்ப.”

அம்மா சுவரைப் பார்த்தாள். “அன்னிக்கு வெடக்கோழி அடிச்சுக் கொழம்பு வச்சேன்,” என்றாள். “ரெண்டு தடவ வாங்கிச் சாப்புட்டாரு.”

கொளஞ்சியப்பன், இது உனக்கு அப்போதே தெரியுமா என்று கேட்டான். இப்போதுதான் தெரியும் என்றாள். தெரிந்த பிறகும் எப்படி உன்னால் இங்கே உட்கார்ந்திருக்க முடிகிறது என்றான். அவள் மனுவில் முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். அவன் வாங்கவில்லை. அம்மாதான் வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

பேச்சுவார்த்தை மூன்று தடவை நடந்தது. குழி தோண்டிக் கொட்ட மாட்டோம், எரிக்க மாட்டோம், கொட்டகை போட்டுத் தரம் பிரித்து உரம் மட்டும் போடுவோம், மக்காத பிளாஸ்டிக்கை வாரா வாரம் சிமெண்டு ஆலைக்கு ஏற்றிவிடுவோம் என்று எழுதிக் கொடுத்த பிறகு ஊர் அரைமனதாக இறங்கி வந்தது. மன்றக் கூட்டத்தில் தீர்மானத்தை வளர்மதிதான் வாசித்தாள். இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்ற வரியில் அவர் பெயர் வந்தது. ‘மறைந்த’ என்ற சொல்லோடு சேர்த்து, குரல் பிசகாமல் வாசித்தாள். இரண்டு உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். நிறைவேறியது.

அந்தப் பொங்கலுக்கு அம்மா வீட்டுச் சீர் வரவில்லை. அதற்காகவாவது அழுகை வரும் என்று நினைத்தாள். பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தாள்.

சித்திரையில் கொட்டகை வேலை முடிந்தது. செயல் அலுவலருடன் அவளும் பார்வையிடப் போனாள். அந்த ஊர்ப் பெண்கள் எட்டுப் பேர் கையுறை போட்டு வேலைக்கு வந்திருந்தார்கள். அவளைத் தெரிந்த இரண்டு பேர் சிரித்தார்கள்; மற்றவர்கள் குனிந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். உரத் தொட்டிகளை எண்ணிக் குறித்தாள். பதினாறு. கம்பிவேலிக்கு அப்பால் அம்மா ஆட்டை ஓட்டிக்கொண்டு போவது தெரிந்தது. அம்மாவும் பார்த்தாள், நிற்கவில்லை.

“உங்க ஊருதானேம்மா, வூட்டுக்குப் போயிட்டு வாங்க, வெயிட் பண்றோம்,” என்றார் செயல் அலுவலர்.

“பரவால்ல சார். கரண்ட் மீட்டருக்கு லெட்டர் போடணும்,” என்று சொல்லி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.