ஆறு வரி செங்கல்

என் வீட்டுப் பின்முற்றத்தில், பக்கத்து வீட்டுக்கும் எனக்கும் நடுவே உள்ள சுவர் முன்பு இடுப்பளவுதான் இருந்தது. இப்போது என் கழுத்தளவு இருக்கிறது. கீழே உள்ள பழைய பகுதி பாசி படிந்து கறுத்துக் கிடக்கிறது. அதற்கு மேல் ஆறு வரி செங்கல், பூச்சுகூட இல்லாமல், சிவப்பாக நிற்கிறது. கொத்தனாரை அழைத்து அந்த ஆறு வரியையும் ஏற்றச் சொன்னவன் நான். அது ஏறக் காரணமானவனும் நான்தான். இந்த இரண்டாவது விஷயம் இந்த வருடச் சீனப் புத்தாண்டுப் பெருநாள் வரை வேறு யாருக்கும் தெரியாது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சீனப் பெண்மணி தனியாக இருக்கிறார். குள்ளமானவர். என்னோடு பேச வேண்டுமானால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏற வேண்டும். சிமெண்டுத் தரையில் வாளி இழுபடும் சத்தம் கேட்டால் நானும் என் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். முதலில் நரைத்த முடி தெரியும், பிறகு கண்ணாடி, பிறகு சிரிப்பு.

"அண்ணே, சாப்ட்டாச்சா?"

தமிழில்தான் கேட்பார். நானும் என் மனைவியும் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்துக்கு வெளியே, கோலா கங்சார் சாலையோரம், அவருடைய அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். கடைக்கு வந்த எங்கள் சனங்களிடம் பேசிப் பேசி வந்த தமிழ் அது; பேச்சின் கடைசியில் இந்த ஊர் 'லா' ஒன்று ஒட்டிக்கொள்ளும். நான் ஆசிரியர் கல்லூரியில் படித்த தமிழைவிட அவருடைய தமிழில்தான் தோட்டம் அதிகம். ரப்பர்ப் பால்மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்ட பிறகு நாங்கள் ஈப்போவுக்கு வந்து, தஞ்சோங் ரம்புத்தான் போகும் வழியில் இந்தத் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கினோம். அடுத்த வருடமே பக்கத்து வீட்டில் அவர் குடிவந்தார். "கடைக்காரர் மகளா நீ!" என்று என் மனைவி சாமான் லாரியைச் சுற்றிக்கொண்டு ஓடியது நினைவிருக்கிறது.

மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மகள் ஜொகூரில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை அழைப்பாள். எங்கள் வரிசையில் மற்ற வீடுகள் வாடகைக்கு விடப்பட்டவை. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று தெரியாது. ஆக, ஒரு நாளில் நான் வாய் திறந்து தமிழ் பேசுவது அந்த வாளிமேல் நிற்கும் பெண்மணியோடு மட்டும்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உண்மையைச் சொன்னால் இதுவும் போய்விடும் என்ற பயம்தான் என்னை இத்தனை நாள் பேசாமல் வைத்திருந்தது.

சென்ற டிசம்பரில் ஒரு காலை வாளிச் சத்தம் கேட்டது.

"அண்ணே, பெருநாளு பத்தாம் நாளு தாமான் ஹால்ல எல்லா வீடும் சேந்து விசேசம் பண்றாங்கலா. ஆளுக்கொரு பூச்சாடி கொண்டாரணுமாம். இல்லாட்டி கையால செஞ்சது எதாச்சும். நான் லீமாவ் ஆரஞ்சுச் செடி நாலு தொட்டி வெக்கிறேன். அக்கா செய்வாங்களே பால்மர எலைப் பூ, அது ஒண்ணு ரெண்டு வீட்ல கெடக்குதா?"

"இல்லம்மா. ஒண்ணும் இல்ல."

"நல்லா தேடுங்கண்ணே. அந்தப் பூ இல்லாம எனக்குச் ச்சுன் வந்த மாதிரியே இல்லலா."

ச்சுன் என்பது அவர் பெருநாளுக்கு வாசற்கதவில் ஒட்டும் சிவப்புத் தாளில் இருக்கும் எழுத்து. சுவர் இடுப்பளவு இருந்த காலத்தில் ஒருமுறை அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "நீங்க வாத்தியாருலா, இதுக்குத் தமிழ்ல என்னா?" என்று கேட்டார். "இளவேனில். வசந்தம்னும் சொல்லலாம்" என்றேன். கத்தரிச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த என் மனைவி சிரித்தாள்.

"பெரிய வேனிலு! இங்க ஏதுடி அதெல்லாம்? பால்மரம் எலை கொட்டிட்டுத் துளிர் விடும்ல, அதாண்டி இது."

"அதுக்குத் தோட்டத்துல என்னா பேரு அக்கா?"

என் மனைவி கொஞ்சம் யோசித்தாள். "எலை உதிர் காலம்னுதான் சொல்லுவோம். துளிர் விடுறதுக்குப் பேரு வெக்கலையேடி!"

இருவரும் அதற்கு வெகுநேரம் சிரித்தார்கள். நான் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

இலைப் பூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலை சிவப்பதற்கு முன்பே முற்றிய பால்மர இலையாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். தோங் என்று நாங்கள் சொல்லும் பிளாஸ்டிக் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, ஆறு ஏழு வாரம் ஊறப்போட வேண்டும். இலையின் சதை அழுகிக் கழன்றுவிடும். பிறகு ஒவ்வோர் இலையாக எடுத்துப் பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்தால் நரம்பு மட்டும் வலை மாதிரி மிஞ்சும். அதை வெளுத்து, சாயம் தோய்த்து, நிழலில் உலர்த்தி, இதழ் இதழாகக் கம்பியில் கட்டினால் பூ. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். என் மனைவி இதைத் தோட்டத்து மாதர் வகுப்பில் கற்றவள். அவள் கையில் ஓர் இலைகூடக் கிழியாது.

ஆனால் ஊறும் காலத்தில் அது நாறும். ஒட்டுப்பால் நாற்றம் அது. மரத்தில் வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலைப் பிய்த்துக் கூடையில் சேர்ப்பார்கள். அது புளித்து வீசும் நாற்றம் அந்த வேலை செய்தவர்களின் துணியைவிட்டுப் போகாது. என் அம்மா செய்தாள். என் துணியும் அதே அலுமினியப் பேசினில்தான் துவைக்கப்பட்டது. நான் டவுன் பள்ளிக்குப் போன முதல் வருடம் வகுப்பில் எனக்கு வைத்த பெயர் 'ஒட்டுப்பால்'. ஐந்து வருடம் அந்தப் பெயரோடு படித்தேன். பிறகு ஆசிரியரானேன், தலைமையாசிரியரும் ஆனேன். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் நான் எந்தத் தோட்டத்துக்காரன் என்று சொன்னதில்லை.

பதினொரு வருடத்துக்கு முன், இதே போன்ற ஒரு பெருநாள் சமயம். இரண்டு பெண்களும் சேர்ந்து ஹாலில் ஒரு முழு மரமே வைப்பதாகத் திட்டம். பக்கத்து வீட்டுக் கொய்யாவின் காய்ந்த பெரிய கிளையில் என் மனைவி இளஞ்சிவப்புப் பூக்களை நிறையக் கட்ட வேண்டும். பின்பக்கம் தோங் நிறைய இலை ஊறிக்கொண்டிருந்தது. பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, செத்த எலி தோத்துச்சு போங்க, தாங்கலலா!" என்று கேலி செய்தார். "ஒன் மூக்கத் தோங்குலயே ஊறப் போடுறேன் வா" என்றாள் என் மனைவி.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு என் பழைய வகுப்புத் தோழர் ஒருவர் என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. கல்வி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு அந்தப் பெயரை வைத்தவரும் அவர்தான். என் மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். நான் வீட்டைக் கூட்டினேன், ஊதுபத்தி ஏற்றினேன். அப்போதும் அந்த வாடை வந்துகொண்டே இருந்தது. ஒன்பதரை மணிக்குப் பின்பக்கம் போய், தோங்கை இரண்டு கையாலும் சாய்த்து, தண்ணீரையும் இலையையும் லோங்காங்கில் கொட்டினேன். சாக்கடையில் இலைகள் அடைத்துக்கொண்டன. விளக்குமாற்றால் தள்ளிவிட்டேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

தோழர் வரவில்லை. வேறு வேலை வந்துவிட்டதாகப் பத்தரைக்குத் தொலைபேசியில் சொன்னார்.

மனைவி வந்து காலித் தோங்கின் முன் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தபோது நான் செய்தது இன்னதென்று எனக்குப் புரிந்தது. முந்தின வாரம் சுகாதாரத் துறையின் டெங்கிக் கொசு ஒழிப்பு ஆட்கள் தெருவில் வீடு வீடாகத் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்த்துப் போயிருந்தார்கள். "டெங்கிக்காரங்க வந்து கொட்டச் சொல்லிட்டாங்க" என்றேன்.

"அன்னிக்கு வந்தவனுங்க வாசலோட போய்ட்டானுங்களே. பின்னால தோங் இருக்குன்னு யாரு சொன்னா?"

தலையைத் திருப்பிப் பக்கத்து வீட்டைப் பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன். யார் பெயரையும் சொல்லவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வகுப்பில் ஒரு மாணவன் இப்படிச் செய்திருந்தால் பிரம்பை எடுத்திருப்பேன்.

"நேத்து எலின்னு சொன்னப்பவே நெனச்சேன்" என்றாள் என் மனைவி. அதற்குப் பிறகு அவள் பூ செய்யவில்லை. ஒரு வாரம் கழித்து, "அந்தச் சொவத்தக் கொஞ்சம் ஒசத்துங்க" என்றாள். அந்தப் பக்கம் ஒரு வார்த்தை கேட்காமல் உயர்த்தினேன்.

ஒவ்வொரு பெருநாளுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் புதுச் செங்கலின் மேல் இரண்டு ஆரஞ்சுப் பழம் வைப்பார். அவர்கள் வழக்கம் அது: ஒரு சோடி கொடுத்தால் ஒரு சோடி திரும்பிப் போக வேண்டும். என் மனைவி தொட மாட்டாள். அவள் குளிக்கப் போகும்போது நான் எடுத்து வந்து சமையலறையில் நின்றபடி தின்பேன். ஒரு வருடம்கூடத் திருப்பி வைத்ததில்லை.

கடைசியாக அவள் படுக்கையில் கிடந்தபோது வாயில் எதுவும் இறங்கவில்லை. ஒரு நாள் வாசல் கேட்டில் ஒரு பை தொங்கியது. உள்ளே மூடி போட்ட கஞ்சி, இஞ்சி நறுக்கிப் போட்டது. யார் என்று எனக்குத் தெரியும். ஊட்டினேன்.

"எங்க வாங்கினீங்க?"

"கடையிலதான்."

நாலு வாய் வாங்கினாள். பிறகு சுவர் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டு, "அவ வெக்கிற கஞ்சி மாதிரியே இருக்கு" என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். கரண்டி என் கையில் இருந்தது, அவள் கண் விழித்திருந்தது, வீட்டில் வேறு யாரும் இல்லை. இன்னொரு வாய் ஊட்டினேன்.

கருமாதி முடிந்த பின் பக்கத்து வீட்டுக்காரர் முதல்முறையாக வாளிமேல் ஏறினார். "அண்ணே, அக்காவுக்கு என்மேல என்னா கோவம்?" என்று கேட்டார். "தெரியலம்மா" என்றேன். அன்றிலிருந்து தினமும் ஏறினார்.

ஆகவே டிசம்பரில் அவர் பூவைக் கேட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் பழைய தோட்டத்துக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனேன். எல்லாம் செம்பனை. கோயிலுக்குப் பின்னால் மட்டும் ஆறேழு பால்மரம் நிற்கிறது. இரண்டு பை நிறைய இலை பறித்து வந்து அதே தோங்கில் போட்டேன். ஏழு வாரம் ஊறியது. நாற்றம் வந்தது. ஓடிப் போகாமல் அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து தேய்த்தேன். பத்தில் ஒன்பது என் விரலிலேயே கிழிந்தது.

வாளிச் சத்தம் கேட்டது.

"அண்ணே! நாத்தம் அடிக்குதுலா! அக்கா திரும்பி வந்துட்டாங்களா என்னா?" என்று சிரித்தார். கண்ணாடிக்குப் பின்னால் கண் கலங்கியிருந்தது.

நான் பல்துலக்கியைக் கீழே வைத்தேன். "அன்னிக்கு இந்தத் தோங்கக் கொட்டுனது நான்தாம்மா. டெங்கிக்காரன் யாரும் வரல. நீங்க போட்டுக் குடுத்ததா அவ நெனச்சா. நெனச்சிக்கட்டும்னு விட்டுட்டேன்."

"நானா? டெங்கிக்காரன்கிட்டயா?"

"நீங்கன்னு நான் சொல்லல. உங்க வீட்டப் பாத்தேன். அவ புரிஞ்சிக்கிட்டா."

அவர் முகம் செங்கலுக்குப் பின்னால் குனிந்தது. செங்கலைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் தெரிந்தன.

"எலின்னு சொன்னேனே, அதுக்குத்தான் கோவம்னு நெனச்சேண்ணே. வெளையாட்டுக்குத்தானே சொன்னேன், அதுக்கா இம்புட்டுன்னு. பதினோரு வருசம் அதையே நெனச்சேன்." பிறகு கேட்டார்: "அக்கா தெரியாமயே போய்ட்டாங்களா?"

"தெரியாமயே போய்ட்டா."

தலை மறைந்தது. வாளி சாய்ந்து உருளும் சத்தம் கேட்டது.

பெருநாள் பத்தாம் நாள் ஹாலுக்குப் போனேன். என்னிடம் தேறியது ஒன்பது பூ. மேசையில் லீமாவ் தொட்டிகள் நாலும் காயும் கனியுமாக நின்றன. நடுவில் ஒரு மண்சாடியில் கொய்யாக் கிளை. அவர்தான் வைத்திருந்தார். நான் பெட்டியைத் திறந்ததும் குடியிருப்புச் சங்கத்து மலாய்க்கார அம்மா எட்டிப் பார்த்து, "உங்கள் மனைவி செய்ததா? எவ்வளவு அழகு!" என்று மலாயில் கேட்டார். எனக்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொன்னார்.

"இல்லை. இவர் செய்தது. அவர் செய்தால் இதழ் கிழியாது."

பிறகு பூக்களை என் கையிலிருந்து வாங்கி, ஒவ்வொன்றாகக் கிளையில் நூலால் கட்டினார். பார்ப்பவர் கண்ணில் படாதபடி கிழிந்த பக்கத்தை ஹால் சுவர்ப் பக்கம் திருப்பிக் கட்டினார். எனக்காகவா, மரத்துக்காகவா, தெரியவில்லை. மேளமும் சிங்க ஆட்டமும் முடிந்து, எல்லாரும் தட்டில் மீ நூடுல்ஸும் முறுக்குமாக உட்கார்ந்தபோது நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று முழுக்க அவர் என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை.

இந்த வருடம் சுவரில் ஆரஞ்சு இல்லை. நான் ஒரு சோடி வைத்தேன். பெருநாளின் பதினைந்து நாளும் முடிந்துவிட்டது. பழங்கள் அங்கேயே தோல் சுருங்கி உட்கார்ந்திருக்கின்றன. அந்த ஆறு வரியை இடித்துவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அது பொதுச் சுவர். அவரைக் கேட்காமல் இடிக்கக் கூடாது. கட்டியதைக் கேட்காமல்தான் கட்டினேன். இதையாவது கேட்டுச் செய்ய வேண்டும்.

இன்று காலை அந்தப் பக்கம் வாளி இழுபடும் சத்தம் கேட்டது. தேநீரை அப்படியே வைத்துவிட்டுச் சுவரருகே போய் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் ஊற்றும் சத்தம் வந்தது. செடிகளுக்கு ஊற்றுகிறார். ஊற்றி முடிக்கும்வரை நின்றிருந்தேன். பிறகு பழங்களை எடுத்துவிட்டு, வேறு இரண்டு பழம் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தேன்.