அண்ணாருக்கு மட்டும் அளந்த கேபின்

சிவபெருமானின் திருவடிகளை நெஞ்சில் இருத்தி, ஓராண்டுக்கு முன் எங்களைப் பிரிந்த என் அண்ணாரைப் பற்றி, அவருடைய ஒரே தங்கையாகிய நான் எழுதுகிறேன்.

பனமரத்துப்பட்டி ஏரியை அடுத்த தோட்டத்தில் பிறந்த அண்ணார், சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் சேர்ந்து, நாற்பது ஆண்டுகள் மரத்தாலும் தகட்டாலும் கேபின் கட்டினார். ஓட்டுநரை முக்காலியில் உட்கார வைத்து, முழங்கால், முழங்கை, உச்சந்தலை என்று உடம்பை அளந்த பிறகுதான் மரத்தைத் தொடுவார். மாதக்கணக்கில் அதிலேயே உண்டு உறங்குகிறவருக்கு அதுதான் வீடு என்பார்.

அண்ணியார் மறைந்தபின், மகன்களுக்குப் பாரமாயிருக்க மனமின்றி, என் வீட்டுக் கொல்லையில் தமக்கென ஒரு கேபின் கட்டிக் குடியேறினார். நீளம் ஏழடி, அகலம் நாலடி. லாரியைப் போலவே தரையிலிருந்து மூன்றடி உயரம், இரண்டு இரும்புப் படிகள், ஒருக்களித்து நுழையும் கதவு. கைக்கெட்டும் தூரத்தில் திருநீற்றுத் தட்டு. ஆறு ஆண்டுகள் அதில் குறையின்றி வாழ்ந்தார்.

பிறகு பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் கேபினுக்கே போக வேண்டும் என்றார். படியேறும் தெம்பு அப்போது சிறிது இருந்தது. ஒரு மாதத்தில் அதுவும் போயிற்று. அவரைத் தூக்க உள்ளே இன்னொருவர் நிற்க இடமில்லை. நான் ஜன்னல் வழியே கை நீட்டிக் கஞ்சி ஊட்டினேன். வெளியே நின்றபடி பதிகம் ஓதினேன். முதுகில் படுக்கைப் புண் வைத்தது. என் கை அதுவரை எட்டவில்லை. விட்ட மூச்சு தகட்டில் பட்டு முகத்துக்கே திரும்புகிறது என்று அவர் சொன்னார்.

மூத்த மகன், "ஒரு பக்கத்த அறுத்துப்போடலாமுங்கப்பா. அர நாளு வேலைங்க" என்றார்.

"நாங் கட்டுன கேபின எவனும் அறுத்ததில்ல. வேல தெரியாதவன் ஓரமா நில்லு."

அதன்பின் மூன்று வாரம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. புண்ணோ பெரிதாயிற்று.

ஒருநாள் மதியம், எப்படியும் அதைக் கழுவிவிடுவதென்று நானே படியேறி நுழைந்தேன். இடுப்போடு கதவில் சிக்கிக்கொண்டேன். உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை.

"ரிவர்ஸ் எடு அம்மிணி, ரிவர்ஸ் எடு" என்று அண்ணார் சிரித்தார்.

"எடுக்க முடிஞ்சா எடுக்க மாட்டனாண்ணா?" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. கதவுச் சட்டத்தில் சிக்கியிருந்த என் இடுப்பைக் கண்ணால் அளந்தார்.

"ஓராளுக்குத்தான் அளந்துட்டேன் சாமி. பக்கத்துல உக்கார ஆளு வருமுன்னு நெனைக்கல. சாக்பீஸ் கொண்டா."

நான் ஒருவாறு பின்னால் இறங்கி, கொண்டுவந்து கொடுத்தேன். இடக்கையால் பக்கப் பலகையில் அவரே கோடு இழுத்தார். வாழ்நாளில் அவர் இழுத்த ஒரே கோணல் கோடு அது.

மறுநாள் காலை மகன் அதன்மேலேயே அறுத்தார். அறுத்தெடுத்த பலகையிலேயே அண்ணாரைக் கிடத்தி வேப்பமர நிழலுக்குக் கொண்டுவந்தோம். அவர் முதுகை அன்றுதான் தொட்டேன். பத்தொன்பதாம் நாள், என் மடியில் தலைவைத்தபடி சிவனடி சேர்ந்தார்.

பலகைக்குத் தோள் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், அந்தப் பத்தொன்பது நாளும் வந்து புண்ணுக்கு மருந்திட்ட செவிலியருக்கும், துயரில் உடனிருந்த உறவினர் யாவருக்கும் எங்கள் குடும்பத்தார் கைகூப்புகிறோம்.

அறுத்த பக்கத்தை நாங்கள் அடைக்கவில்லை. நினைவு நாளில் அண்ணாருக்கு விளக்கேற்றுவது அந்தக் கேபினில்தான். வருகிறவர்கள் அவர் படுக்கையருகே சற்று உட்கார்ந்து செல்லுங்கள். இப்போது இடம் இருக்கிறது.