ஹாரெஸ் அம்மாவின் சொந்தப் பெயர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் வரும் பெயர்கள் எல்லாம் நான் வைத்தவை. என் அண்ணிக்குச் சொம்ஜிதா என்று வைத்திருக்கிறேன். நிஜப் பெயரைச் சொன்னால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

நாஃப் ஆற்றுக்கு அக்கரையில் நாங்கள் இருந்தபோது அண்ணியின் வாய்க்கு ஊரே பயப்படும். யார் வீட்டில் என்ன குழம்பு என்பது அடுப்பில் ஏறுவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும். ராணுவம் ஊரைக் கொளுத்தி, ரோஹிங்கியா சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இக்கரைக்கு ஓடிவந்து, இந்த முகாம் மேட்டில் மூங்கிலும் தார்ப்பாயுமாகக் குடிசை போட்ட பிறகும் குழாயடியில் அவள் குரல்தான் ஓங்கிக் கேட்டது. அப்படிப்பட்டவளிடம், எங்களுக்கு நடந்த கொடுமைகளைப் பெண்களிடம் கேட்டுப் பதிவு செய்யும் வேலையை, வெளிநாட்டுக் கோர்ட்டில் வழக்கு நடத்தும் வக்கீல்கள் கொடுத்தார்கள் என்றதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணி, உன் வாயில ரகசியமா? விடியறதுக்குள்ள ஒழுகிடுமே!"

"போடி இவளே. ஊர் வம்பு வேற, இது வேற."

வேறாகத்தான் இருந்தது. ரேஷன் அரிசி போடும் நாளில் ஆண்கள் வரிசையில் நிற்கப் போய்விடுவார்கள். அன்றைக்குத்தான் அவள் கிளம்புவாள். வெற்றிலைத் தட்டில், இலைக்கு அடியில் ஃபோன். நான் வாசலில் உட்கார்ந்து பாக்கு இடிப்பேன், யாராவது வந்தால் இருமுவேன். அண்ணி பேசுகிறவள் முகத்தைப் படம் எடுக்க மாட்டாள், பெயர் கேட்க மாட்டாள். போதும் என்று சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவாள். ஒருமுறை சொன்னதை இன்னொரு முறை சொல்லவைக்கவும் மாட்டாள். வீட்டுக்கு வந்தால் என்னிடம்கூட ஒரு வார்த்தை கிடையாது. முகாமிலும் காசுக்காகக் காதைத் தீட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. இங்கே ஒருத்தி பேசினால் அக்கரையில் அவள் சொந்தக்காரன் முதுகில் விழும்.

ஹாரெஸ் அம்மா எங்களுக்குப் பின் வரிசைக் குடிசை. ஆற்றங்கரையில் ஆண்களை மண்டியிட வைத்துச் சுட்டதைக் கரும்புக்குள் ஒளிந்திருந்து பார்த்தவள். அவள் புருஷனும் அதில் போனான். மகன் ஹாரெஸ் இன்னும் அக்கரைச் சிறையில் இருக்கிறான். அம்மா வாய் திறந்தாள் என்று தெரிந்தால் அவனை உயிரோடு விடமாட்டார்கள். அந்தப் பயத்திலேயே எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். ஒரு அரிசி நாளில் அவளே கூப்பிட்டாள்.

"வந்து பதிஞ்சுக்கோடி. நெஞ்சுக்குள்ளயே வச்சுப் புழுங்கிட்டிருக்கேன். ஆனா நான்தான்னு ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியக் கூடாது."

"என் புள்ளைங்க மேல ஆணையா தெரியாது."

அவள் அழாமல் சொன்னாள். அண்ணிதான் அழுதாள். நான் ஒருமுறை இருமினேன், வந்தது ஆடு.

வக்கீல் ரெஹ்னுமாவின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வாசல் காவல் இருந்த என்னையும் சேர்த்து மூன்று பேர் அந்தப் பதிவைக் கேட்டோம். "பேரு எங்கயும் வரல. அனுப்பிடலாம்" என்றார் ரெஹ்னுமா.

"இருங்க, இன்னொரு தடவை போடுங்க" என்றாள் அண்ணி.

மறுபடி போட்டார். நடுநடுவே அண்ணியின் குரல். 'தண்ணி குடிங்க ஹாரெஸ் அம்மா.' 'மெதுவா சொல்லுங்க ஹாரெஸ் அம்மா.' பிள்ளை பெற்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்களுக்குள் மரியாதைக் கேடு. அவள் சொந்தப் பெயர் முகாமில் ஒருத்தருக்கும் தெரியாது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? எந்தப் பையனைக் காப்பாற்ற வேண்டுமோ அவன் பெயரைத்தான் அண்ணி மரியாதையாக, வாய்க்கு வாய் சொல்லி வைத்திருந்தாள்.

"இந்த ரூமை விட்டு இன்னும் வெளிய போகல. அந்த இடங்களை மட்டும் வெட்டிடலாம்" என்றார் ரெஹ்னுமா.

"வெட்டுங்க. ஆனா அவங்ககிட்ட கேக்காம அனுப்பாதீங்க."

திரும்பும் வழியில் நான் சண்டை போட்டேன். "யாருக்கும் தெரியாது. நீயா எதுக்குப் போய் மாட்டிக்கிற?"

"அவங்க பேச்சு, அவங்க புள்ள. அவங்களுக்குத் தெரியணும்டி."

தன் குடிசையில் அண்ணி சொன்னதையெல்லாம் கேட்டு முடித்ததும் ஹாரெஸ் அம்மா அவளை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். "உன் வாயைத் தைக்கணும்டி."

"தைங்க. வேண்டாம்னா எல்லாத்தையும் அழிச்சிடச் சொல்றேன்."

ஹாரெஸ் அம்மா பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வெட்டிட்டா, அதுல என்னை என்னன்னு சொல்லுவீங்க?"

"ஒரு நம்பர்."

"நம்பரா? அங்கயும் நம்மளை எண்ணித்தானே வச்சிருந்தானுங்க."

"உங்க சொந்தப் பேரை ஒரு தாள்ல எழுதி, வெளிநாட்டுல பூட்டி வைப்பாங்க. ஜட்ஜு மட்டும்தான் பிரிச்சுப் பாக்கலாம்."

"என் பேரையா?"

"உங்க பேரைத்தான்."

பெட்டியின் அடியில் கிடக்கும் துணியைத் தேடுவதுபோல யோசித்துவிட்டுச் சொன்னாள். அழகான பெயர். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

"அனுப்பு" என்றவள் உடனே கவலைப்பட்டாள். "ஒருநாள் கோர்ட்டுல அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, அது நான்தான்னு எனக்கே தெரியணுமே? எங்கம்மா போனதுக்கப்புறம் ஒருத்தரும் கூப்பிட்டதில்லை."

மூவருமே சிரித்துவிட்டோம். அந்தக் குடிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

வழக்கு ஆமைபோல நகர்கிறது. ஹாரெஸ் உயிரோடு இருப்பதாகச் சேதி வந்தது, எங்களுக்கு அதுவே பெருநாள். அண்ணி இப்போது யாரிடம் போனாலும் 'நீங்க' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஹாரெஸ் அம்மாவிடம் மட்டும் விதிவிலக்கு. ஒவ்வொரு அரிசி நாளும் உள்ளே போய்த் தட்டியை இழுத்துவிட்டு, தாழ்ந்த குரலில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். முதல் தடவை அவள் திரும்பவே இல்லை, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாளாம். அடுத்த தடவை தாமதமாகத் திரும்பினாளாம். இப்போது அண்ணி பாதி சொல்லும்போதே, "இதோ, இருக்கேன்!" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. நாளுக்கு நாள் சத்தம் கூடிக்கொண்டே போகிறது. வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று நான் வாசலில் பாக்கைப் போட்டு இடி இடியென்று இடித்துக்கொண்டிருக்கிறேன்.