சூடேறாத ஹாட் டப்பும் நடுங்கிய மல்டிமீட்டரும்

அந்த ஹீட்டரை எரித்தவன் நான்தான் என்று முழுசாக நம்பினேன். யாரும் என்மேல் பழி போடவில்லை. நானே போட்டுக்கொண்டேன், அதுவும் பைக்கில் போகும்போதே.

பாகூர் பக்கம் மோட்டார் வேலைதான் என் பிழைப்பு. நெல்லுக்கும் கரும்புக்கும் தண்ணீர் இறைக்கிற மோட்டார்கள். வீட்டு ஒயரிங்கும் பார்ப்பேன். மணப்பட்டு போகிற வழியில் காசிநாதன் சார் வீடு கட்டியபோது மொத்த ஒயரிங்கும் என் கைதான். பிரான்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மனைவி வசந்தா அம்மாவோடு ஊருக்குத் திரும்பியவர். அம்மாவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனது. புண் ஆறிய பிறகு, தினமும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் உட்கார்ந்து காலை மடக்கி நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் முட்டி இறுகிவிடும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காகவே வெளிநாட்டிலிருந்து ஒரு ஹாட் டப் வந்து இறங்கியது. நாலு பேர் தாராளமாக உட்காரலாம். தெருவில் அதற்குச் சுடுதண்ணித் தொட்டி என்று பெயர்.

ஒரு ஞாயிறு மாலை அந்த வீட்டு மெயின் சுவிட்சை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை அம்மாவிடமிருந்து போன்.

“செல்வம், தொட்டி சூடே ஆவலப்பா. ராத்திரியெல்லாம் ஓடிக்கினு கீது, தண்ணி பச்சத் தண்ணியாவே கீது. கால வெக்க முடியல. நேத்து நீ வந்திருந்தியே, அப்பவே பாத்திருக்கலாம்.”

அவர் சொன்னதில் ‘நேத்து நீ வந்திருந்தியே’ மட்டும்தான் என் காதில் நின்றது.

மெயின் சுவிட்சில் நியூட்ரல் போக வேண்டிய இடத்தில் தவறி இன்னொரு பேஸைக் கொடுத்துவிட்டால், வீட்டுச் சாமானுக்கு வழக்கத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வோல்டேஜ் போகும். சாமான் புகையாகிவிடும். பைக்கில் பாகூர் ஏரிக்கரையைத் தாண்டுவதற்குள் என் மனசில் ஹீட்டர் எரிந்தது. அடுத்த வளைவில் கண்ட்ரோல் போர்டும் எரிந்தது. புது ஹீட்டர் கப்பலில் வருவதற்குள் அம்மாவின் முட்டி இறுகிப் போனது. அவர்கள் வாசலில் பைக்கை நிறுத்தும்போது அம்மா ஆயுசுக்கும் கம்பு ஊன்றி நடந்துகொண்டிருந்தார். நான் தொழிலை விட்டுவிட்டு மணப்பட்டுக் கடற்கரையில் மீன் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். “சூடும் இல்ல, குழாய்லேந்து தண்ணி பீச்சுறதும் வேகமா இல்ல. இன்னான்னு பாரு.”

இரண்டாவது தகவலை நான் காதில் வாங்கவே இல்லை. தொட்டியின் பேனலில் மூன்று ஆங்கில எழுத்துகள் மினுக்கிக்கொண்டிருந்தன. அதைப் படிக்கிற நிலையிலும் இல்லை. சார் வழக்கமாக நான் ஒரு ஸ்க்ரூவைத் தொட்டாலே பக்கத்தில் வந்து குனிந்து நிற்பவர். அன்று தோட்டத்தில் போய் வாழைக்கன்றை முறைத்துக்கொண்டிருந்தார். கோபமாக இருக்கிறார் என்று எனக்கு இன்னும் வியர்த்தது.

மல்டிமீட்டரை வைத்தேன். பூஜ்யம். போச்சு, எல்லாம் போச்சு! பேனலில் வெளிச்சம் இருக்கிறது, மீட்டர் கரண்டே இல்லை என்கிறது. நான் மீட்டரை நம்பினேன். வீட்டுக் கரண்ட் ஏசி; மீட்டரை நான் டிசியில் வைத்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

கொல்லைப்பக்கம் போய் என் வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன்.

“லட்சுமி, நான் ரெண்டு பேஸைக் குடுத்துட்டேன்டி. ஹீட்டர் காலி.”

“அவங்க வூட்டு ஃபிரிட்ஜு ஓடுதா?”

“ஓடுது.”

“டிவி?”

உள்ளே சீரியல் சத்தம் கேட்டது. “அதுவும் ஓடுது.”

“ரெண்டு பேஸைக் குடுத்திருந்தா அதெல்லாம் மொதல்ல புஸ்ஸுன்னு போயிருக்காதா? இத்தினி வருசமா நீ தூக்கத்துல பெனாத்துறதக் கேட்டு எனக்கே தெரியுது. மூஞ்சியக் கழுவிட்டுப் போய் ஒழுங்கா பாரு. ஊர் மானத்த வாங்காத.”

மூஞ்சியைக் கழுவினேன். மீட்டரை ஏசிக்கு மாற்றி வைத்தேன். சப்ளை சரியாக இருந்தது. ஆஃப் செய்துவிட்டு ஹீட்டர் காயிலைத் தனியே சோதித்தேன். அதுவும் உயிரோடு இருந்தது. இப்போதுதான் அந்த மூன்று எழுத்துகளைப் படித்தேன். தண்ணீர் ஓட்டம் இல்லை என்று அர்த்தம். இந்தத் தொட்டியில் பம்ப் தண்ணீரை இழுத்து, ஃபில்டர் வழியாக ஹீட்டருக்கு அனுப்புகிறது. ஓட்டம் குறைந்தால் ஹீட்டர் எரிந்துபோகாமலிருக்க அதுவே கட்டாகிவிடும்.

ஃபில்டரை உருவினேன். மடிப்பு மடிப்பாக வெள்ளையாக இருக்க வேண்டியது, அடைத்த புளி மாதிரி பழுப்பாக வந்தது. பிசுபிசுவென்று எண்ணெய். முகர்ந்து பார்த்தேன். சீயக்காய்!

அம்மாவும் முகர்ந்தார். தோட்டத்துப் பக்கம் திரும்பினார்.

“இன்னாங்க, இங்க வாங்க. இது இன்னா?”

சார் மெதுவாக வந்தார். “சனிக்கெழம நீ கோயிலுக்குப் போனல்ல. இம்மாஞ் சுடுதண்ணி சும்மா கெடக்குதேன்னு, எண்ண தேச்சிக் குளிச்சேன்.”

“நீங்க மட்டுமா?”

“ஒன் தம்பியும்தான். சீயக்காயே அவந்தான் கொண்டாந்தான்.”

“என் முட்டிக்கு வாங்குன தொட்டில மாமனும் மச்சானும் எண்ணக் குளியலா?”

“அதான் நேத்து காலைல தண்ணியப் பூரா எறக்கிட்டுப் புதுசா ரொப்பிட்டேனே!”

“அதான் மூஞ்சி ரெண்டு நாளா பளபளன்னு கீதா!”

எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் அந்த நேரத்தில் அந்த மனுஷனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கக்கூட நான் தயாராக இருந்தேன்.

பெட்டியோடு வந்த மாற்று ஃபில்டரைப் போட்டு ஓட விட்டேன். மூன்று எழுத்துகளும் மறைந்தன. குழாய்கள் சீறின. சாயங்காலம் அம்மா தண்ணீரில் இறங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு முட்டியை மடக்கினார். மடங்கியது. “செல்வம், காப்பி குடிச்சிட்டுப் போப்பா” என்றார். சாருக்குக் காப்பி வரவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கரும்புக் கொல்லையில் யார் மோட்டாருக்குக் கூப்பிட்டாலும், தண்ணீர் வருகிற வழியில் சருகு அடைத்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். தொட்டி வெளிநாட்டுச் சாமான் என்றதும் அதை மறந்தேன். பயந்துகொண்டே மீட்டரைத் தொடாதீர்கள்; அது உங்கள் பயத்தையே காட்டும்.

ஹீட்டர் எரிந்துபோகவில்லை. ஒயரிங்கில் பிழை இல்லை. எண்ணெயும் சீயக்காயும் ஃபில்டரை அடைத்தன, தண்ணீர் ஓடவில்லை, அதனால் ஹீட்டர் தானாக நின்றது.